முதலில் தண்ணீர்… பிறகு பலகை!

அலைமேல் நின்றபடி துடுப்பிட ஆசைப்படும் கொங்கு நாட்டுக்காரர் எந்தப் பலகையை வாங்குவது, எங்கே பழகுவது, எதற்கு முதலில் செலவழிப்பது?

ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கோவைக்குள் நுழைகிற காற்று, சற்று முன்புவரை அரபிக்கடல் மேல் வீசிக்கொண்டிருந்த காற்று. மேற்குத் தொடர்ச்சி மலையில் 30, 40 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கும் அந்த வாசலில் புகுந்து, பல்லடத்திலும் உடுமலையிலும் காற்றாலைகளைச் சுழற்றிவிட்டுக் கிழக்கே போகிறது. இந்தப் பருவக்காற்றுதான் கேரளக் கரையில் கடலைக் கொந்தளிக்க வைக்கிறது. சென்னைக்குத் தெற்கே உள்ள கோவளத்தில் இதே காற்று காலை நேரத்தில் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. எதிர்க்காற்று தாங்குவதால் அங்கே அலை சட்டென்று உடைந்துவிடாமல், வழுவழுப்பான முகத்தோடு கரைக்கு வருகிறது. சர்ஃபிங் செய்பவர்கள் ஏங்கிக் காத்திருப்பது அப்படிப்பட்ட காலைக்குத்தான்.

கொங்கு நாட்டுக்குக் கடற்கரை இல்லை. கோவையிலிருந்து பொன்னானிக் கரை ஏறத்தாழ 140 கிலோமீட்டர். சென்னைக் கோவளம் சுமார் 500 கிலோமீட்டர். ஆனாலும் வெள்ளிக்கிழமை இரவு பஸ் ஏறி, சனி, ஞாயிறு அலையில் கழித்து, திங்கள் காலை வேலைக்குத் திரும்புகிற இளைஞர்கள் கோவையிலும் திருப்பூரிலும் ஈரோட்டிலும் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு ஆசை சர்ஃப் போர்டிலிருந்து ‘சப்’ பக்கம் திரும்பியிருக்கிறது. சப் என்றால் ஸ்டாண்ட்-அப் பேடில் போர்டு. பெரிய பலகையில் நின்றபடி, நீண்ட துடுப்பால் நீரைத் தள்ளிப் போய், அலை வந்ததும் அதன்மேல் ஏறிச் சறுக்கும் விளையாட்டு.

அவர்கள் கேட்கிற முதல் கேள்வி, ‘எந்தப் பலகை வாங்கலாம்?’ அதற்கு முன்னால் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: ‘எந்தத் தண்ணீரில் நிற்கப்போகிறேன்?’ தண்ணீர் முடிவாகிவிட்டால் பலகையின் நீளமும் அகலமும் வகையும் பெரும்பாலும் தாமாகவே முடிவாகிவிடும். தண்ணீரை யோசிக்காமல் வாங்கிய பலகை மொட்டை மாடியில் வெயில் காயும்.

நம் கரையின் பழைய வித்தை

இன்றைய சப் விளையாட்டின் பிறப்பிடமாக ஹவாய்த் தீவுகளைச் சொல்வார்கள். 1940-கள், 50-களிலேயே வைக்கீக்கி கடற்கரையில் சர்ஃபிங் கற்றுத்தந்தவர்கள் சிலர், படகுத் துடுப்போடு பலகையில் நின்று மாணவர்களைக் கண்காணித்தார்கள். 2000-ஐ ஒட்டி லேர்ட் ஹாமில்டன், டேவ் கலாமா போன்ற அலைவீரர்கள் அந்தப் பழக்கத்துக்குப் புத்துயிர் கொடுத்தார்கள். அங்கிருந்து உலகெங்கும் பரவியது.

ஆனால் மரத்தின் மேல் துடுப்போடு அலையை ஊடுருவிப் போய், அலைமேலேயே திரும்பி வருவது சோழமண்டலக் கரைக்குப் புதிதல்ல. சென்னையில் துறைமுகம் கட்டப்படுவதற்கு முன், கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். இடையில் அலை உடையும் பகுதியைக் கடந்து, ஓலைத் தொப்பிக்குள் கடிதங்களைப் பத்திரப்படுத்திக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் கட்டுமரக்காரர்கள். கட்டுமரத்தில் நீர் நிரம்புவதற்குப் பள்ளமே இல்லை. மேலே ஏறிய அலை கட்டைகளின் இடுக்கு வழியாக வடிந்துபோகும். 2004 சுனாமிக்குப் பின் ஃபைபர் படகுகள் பெருகியதில் கட்டுமரங்கள் அருகிப்போயின. ஆனால் அலையைப் படிக்கும் கண் மீனவக் குடும்பங்களிடம் அப்படியே இருந்தது. சென்னைக் கோவளத்து மீனவர் மூர்த்தி மேகவன் தன் குப்பத்துப் பிள்ளைகளுக்கு சர்ஃபிங் கற்றுக்கொடுத்து, அந்த ஊரை இந்திய சர்ஃபிங்கின் முக்கியத் தளமாக்கியது அந்தக் கண்ணின் தொடர்ச்சிதான். துடுப்புப் பந்தயங்களில் தேசிய அளவில் பலமுறை வென்ற சேகர் பச்சையும் கோவளத்துப் பிள்ளை.

மேற்குக் கரையில் கர்நாடகத்தின் முல்கியில் 2004-ல் மந்த்ரா சர்ஃப் கிளப் தொடங்கியது. அந்தக் கரையிலிருந்து வந்த தன்வி ஜெகதீஷ், 2016-ல் ஃபிஜியில் நடந்த உலக சப் போட்டியில் இந்தியாவுக்காகத் துடுப்பிட்டார். 2025 ஆகஸ்டில் ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப் மாமல்லபுரத்திலேயே நடந்தது. கற்றுக்கொள்ள வெளிநாடு போக வேண்டிய காலம் முடிந்துவிட்டது. ஓர் இரவுப் பயணத்தில் எட்டுகிற தூரத்தில் தேர்ந்த ஆசிரியர்கள் இருக்கிறார்கள்.

எந்தக் கரை? எந்த மாதம்?

கொங்கு நாட்டுக்காரருக்கு ஒரு வசதி உண்டு. கிழக்கு, மேற்கு என்று இரண்டு கரைகளுக்கும் போகலாம். ஒரு கரை மோசமாக இருக்கும்போது மற்றது பெரும்பாலும் கைகொடுக்கும்.

கேரளத்தின் வர்க்கலைப் பகுதியில் கற்றுக்கொள்பவர்களுக்கான காலம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. அலை சிறிது, காலை அமைதியானது. ஜூனில் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால் அந்தக் கடல் புதியவர்களுக்கானதல்ல. அந்த மாதங்களில் கோவளமும் மாமல்லபுரமும் புதுச்சேரியும் நல்ல அலைகளோடு காத்திருக்கும். அங்கே அதிகாலையில் இறங்கிவிட வேண்டும். வெயில் ஏற ஏறக் கடற்காற்று கரையை நோக்கித் திரும்பி, அலையைக் குலைத்துவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கிழக்குக் கரை முரட்டுத்தனமானது. ஜனவரி முதல் மார்ச் வரை அலை சிறுத்து, தொடக்கக்காரருக்கு இணங்கிவரும்.

காற்று சப் பழகுபவரை வேறெவரையும்விட அதிகமாகப் பாதிக்கும். படுத்துத் துடுப்பிடும் சர்ஃபர் காற்றுக்கு அகப்படுவதில்லை. நின்றுகொண்டிருப்பவரின் உடம்பு முழுவதையும் காற்று பிடித்துத் தள்ளும். கரையிலிருந்து கடல் நோக்கி வீசும் காற்று அலைக்கு அழகு சேர்க்கும். அதுவே புதியவரைக் கடலுக்குள் கொண்டுபோய்விடவும் செய்யும். காற்று வலுத்தால் உடனே முழங்காலில் உட்காருங்கள். அதுவும் போதாவிட்டால் குப்புறப் படுத்துக் கைகளால் நீந்தித் திரும்புங்கள்.

இன்னோர் எச்சரிக்கையும் உண்டு. வானம் தெளிவாக இருக்கும், உள்ளூரில் காற்றே இருக்காது. ஆனால் தெற்கு இந்தியப் பெருங்கடலில் எங்கோ வீசிய புயல் எழுப்பிய அலைகள் பல நாள் பயணித்து வந்து கரையில் திடீரென்று ஏறும். கேரள மீனவர்கள் இதைக் கள்ளக்கடல் என்கிறார்கள். 2012-ல் யுனெஸ்கோவும் அந்தப் பெயரையே ஏற்றுக்கொண்டது. 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி உயிரிழந்தது, இப்படிக் கடல் பொங்கும் எச்சரிக்கை நடப்பில் இருந்த நாளில்தான். ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் நாள்தோறும் கடல்நிலை முன்னறிவிப்பு தருகிறது. அதைப் பார்க்காமல் கோவையிலிருந்து புறப்படாதீர்கள். எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிவையுங்கள்.

ஊருக்குள் பழக இடம் உண்டா?

அலையில் நிற்பதற்கு முன் அலையில்லாத நீரில் நிற்கப் பழக வேண்டும். துடுப்பை இடம் மாற்றிப் பிடிப்பது, பலகையைத் திருப்புவது, விழுந்தபின் மீண்டும் ஏறுவது, இவையெல்லாம் அசையாத நீரில் கால்களுக்குப் பழகியிருந்தால்தான் கடலில் கைகொடுக்கும். இங்குதான் கொங்கு நாட்டுக்காரருக்குச் சிக்கல்.

கோவையின் வாலாங்குளத்தில் படகுச் சவாரி வந்துவிட்டது. ஆனால் நகரத்துக் குளங்களில் இன்னமும் கழிவுநீர் கலக்கிறது. விழுந்து எழுந்து பழகும் தண்ணீராக அவை மாறவில்லை. பவானி ஆறு மேட்டுப்பாளையத்தில் கண்ணுக்கு அமைதியாகத் தெரியும். மேலே பில்லூர் அணையில் நீர் திறந்தால் மட்டம் திடீரென்று உயரும். அங்கே ஆண்டுதோறும் உயிர்கள் போகின்றன. அமராவதி நீர்த்தேக்கத்திலும், மோயாறு வந்து சேரும் பவானிசாகர்ப் பகுதியிலும் முதலைகள் வாழ்கின்றன. அணைகளில் அனுமதியின்றி இறங்குவது தடைசெய்யப்பட்டது. அந்தத் தடைக்கு நியாயமான காரணங்கள் இருக்கின்றன. ஒகேனக்கல்லில் நீர்வரத்து கூடினால் தலைமுறை தலைமுறையாகத் துடுப்புப் பிடித்த பரிசல்காரர்களே கரையேறிவிடுகிறார்கள். புதிதாகப் பலகை வாங்கியவருக்கு அதைவிடப் பெரிய பாடம் வேண்டியதில்லை.

ஆகவே பழகும் தண்ணீருக்கும் பயணம்தான். நல்லவேளையாகப் பல இடங்கள் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. நீலகிரியின் மறுபக்கம் இறங்கினால் சாலியாறு. நிலம்பூரிலிருந்து பேப்பூர் கடல்முகம் வரை 68 கிலோமீட்டரை மூன்று நாட்களில் துடுப்பிட்டுக் கடந்து, வழியெல்லாம் பிளாஸ்டிக் குப்பையைப் பொறுக்கும் பயணம் ஒன்று அங்கே நடத்தப்படுகிறது. கயாக், சப் எல்லாம் அதில் மிதக்கும். கொச்சிப் பக்கத்துக் காயல்களில் கற்றுத்தருபவர்கள் உண்டு. கோவளத்தை ஒட்டிய முட்டுக்காட்டு உப்பங்கழியில் காலையில் நிற்கப் பழகி, அடுத்த நாள் கடலுக்குப் போகலாம். ராமேஸ்வரம் தீவில் இரண்டு கடல்கள். தென்காற்று வீசும் மாதங்களில் வடக்கே பாக் நீரிணைப் பக்கம் அமைதியாக இருக்கும், வாடை வீசும்போது தெற்குப் பக்கம்.

கிணறு வற்றிய தலைமுறை

பலகையைப் பற்றிப் பேசுவதற்கு முன் இதைச் சொல்லியே ஆக வேண்டும். ஒரு தலைமுறைக்கு முன் கொங்குப் பிள்ளைகளுக்கு நீச்சல் தனியாகக் கற்றுக்கொள்ளும் பாடமாக இருந்ததில்லை. முதுகில் சுரைப்புருடையைக் கட்டிவிட்டு, அப்பாவோ அப்புச்சியோ தோட்டத்துக் கிணற்றுக்குள் இறக்கிவிடுவார்கள். கோடை விடுமுறை முடிவதற்குள் பிள்ளை மேட்டிலிருந்து குதிக்கும். பிறகு ஆழ்துளைக் கிணறுகள் ஆயிரம் அடிக்கும் கீழே இறங்கின. திறந்த கிணறுகள் வற்றின, பல தூர்ந்தன. நீச்சல் தெரியாத ஒரு தலைமுறை வளர்ந்து, வேலைக்குப் போய், சம்பாதித்து, இப்போது பலகை வாங்கும் வசதியோடு நிற்கிறது.

பலகை மிதக்கும் என்ற தைரியத்தில் நீச்சல் தெரியாமல் கடலில் இறங்குவது உயிரோடு விளையாடுவது. காலையும் பலகையையும் இணைக்கும் கயிறு அறுந்தால் பலகை போய்விடும். அதன்பின் உங்களைக் கரை சேர்ப்பது உங்கள் கைகால்கள் மட்டுமே. நிற்காமல் 200 மீட்டர் நீந்தவும், ஆழத்தில் பத்து நிமிடம் மிதக்கவும் முடிந்தபிறகு பலகையைத் தொடுங்கள். மிதவைச் சட்டை அதற்கு மேல் ஒரு காப்பு. நீச்சலுக்கு அது மாற்று ஆகாது.

பரிசலுக்கும் கட்டுமரத்துக்கும் நடுவில்

பலகையின் வடிவத்தைப் புரிந்துகொள்ள நம்மூர்ப் பரிசலையும் கட்டுமரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். பரிசல் வட்டமானது, அகலமானது, எளிதில் கவிழாது. ஆனால் நேராக ஓட மறுக்கும். துடுப்புக்காரர் கொஞ்சம் ஓய்ந்தாலும் சுழலும். கட்டுமரம் நீளமானது, ஒடுக்கமானது. விட்ட திசையில் விரைந்து ஓடும், திருப்புவது சிரமம். எல்லாத் துடுப்புப் பலகைகளும் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருப்பவை. அகலம் கூடினால் நிலைத்து நிற்கும், வேகம் குறையும். நீளம் கூடினால் நேராக ஓடும், திரும்ப மறுக்கும்.

அமைதியான நீரில் தொலைதூரம் போகும் பலகைகள் 11 அடிக்கு மேல், 14 அடி வரைகூட இருக்கும். மூக்கு கூராக இருக்கும். அலையில் அவை பொருந்தா. சரிவில் இறங்கும்போது மூக்கு நீருக்குள் குத்தி, ஆளைத் தூக்கி எறியும். அலை விளையாட்டில் தேர்ந்தவர்களின் பலகை 7, 8 அடிதான். அதில் புதியவர் நிற்கவே முடியாது. அலையை நோக்கிப் போகும் முதல் பலகைக்கு நீளம் 9 அடி 6 அங்குலத்திலிருந்து 10 அடி 6 அங்குலம் வரை, அகலம் 30-லிருந்து 32 அங்குலம் வரை இருந்தால் சரி. அகலம் 34-ஐத் தாண்டினால் நிற்பது எளிது. ஆனால் துடுப்பு நீரைத் தொட உடம்பைச் சாய்க்க வேண்டியிருக்கும்.

பக்கவாட்டிலிருந்து பார்த்தால் பலகையின் மூக்கு மேல்நோக்கி வளைந்திருக்கும். இதை ராக்கர் என்பார்கள். அலைக்கான பலகையில் இந்த வளைவு கொஞ்சம் கூடுதலாக வேண்டும். மூக்குக் குத்தாமல் காப்பாற்றுவது அதுதான். கடையில் பலகையைத் தரையில் வைத்துக் குனிந்து பாருங்கள். மூக்கு தெளிவாக எழுந்திருந்தால் அலைக்குக் கொண்டுபோகலாம். கிட்டத்தட்ட தட்டையாக இருந்தால் அது காயலுக்கானது.

உங்கள் எடைக்கு எத்தனை லிட்டர்?

பலகை வாங்கும்போது எல்லோரும் நீளத்தையே கேட்கிறார்கள். அதைவிட முக்கியமான எண் கொள்ளளவு. பலகையின் மேல் லிட்டர் கணக்கில் அச்சிடப்பட்டிருக்கும்.

கணக்கு எளிது. உங்கள் எடை 70 கிலோ என்று வையுங்கள். உடை, மிதவைச் சட்டை, துடுப்பு எல்லாம் சேர்த்து 75. பலகையின் எடை 10. ஆக 85 கிலோ. மிதப்பதற்கு 85 லிட்டர் நீரை விலக்கியாக வேண்டும். பலகையின் மொத்தக் கொள்ளளவே 85 லிட்டர் என்றால், நீங்கள் ஏறி நின்றதும் அதன் மேற்பரப்பு நீர்மட்டத்துக்கு வந்துவிடும். சிறு அசைவில் கவிழும். கடல்நீர் நன்னீரைவிட இரண்டு மூன்று சதவீதம் அடர்த்தியானது என்பதால் கொஞ்சம் உதவும், அவ்வளவே.

முதல் பலகைக்கு உங்கள் எடையைப்போல் இரண்டு மடங்கு லிட்டர் என்பது நம்பகமான அளவு. 55 கிலோ என்றால் 110-லிருந்து 130 லிட்டர். 70 கிலோ என்றால் 140-லிருந்து 165. 90 கிலோ என்றால் 180-க்கு மேல். உடம்பு பழகியபின் 1.5 மடங்குக்கு இறங்கலாம். குழந்தையை முன்னால் உட்கார வைத்துப் போகும் எண்ணம் இருந்தால் அந்த எடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில்தான் ஆசை நம்மைத் தடுமாற வைக்கும். வீடியோவில் பார்த்த சின்னப் பலகை அழகாக இருக்கும். கடைக்காரரும், ‘சீக்கிரம் பழகிடுவீங்க சார், பெருசு எதுக்கு?’ என்பார். வாரம் தவறாமல் கடலில் இருக்கும் கோவளத்துப் பையனுக்கு அந்தப் பேச்சு பொருந்தும். மாதம் ஒருமுறை கடலைப் பார்க்கும் திருப்பூர்க்காரர் ஒவ்வொரு முறையும் பாதி நாளை நிற்பதற்கே செலவழிப்பார். தண்ணீரோடு உங்களுக்குக் கிடைக்கும் நேரம் குறைவு என்றால் பலகை பெரிதாக இருக்க வேண்டும்.

காற்றடைத்ததா, கெட்டியா?

பலகையில் இரண்டு பெரிய வகைகள். இரண்டின் உள்ளேயும் கொங்கு நாட்டுக்குப் பரிச்சயமான தொழில்கள் இருக்கின்றன.

காற்றடைத்த பலகையைச் சுருட்டிப் பையில் போட்டு முதுகில் மாட்டிக்கொள்ளலாம். ஊதியபின் மேலே ஏறி நின்றால் மரப்பலகைபோல் விறைத்து நிற்கும். அதன் ரகசியம் நெசவில் இருக்கிறது. மேல் துணி, கீழ்த் துணி இரண்டையும் ஒரே தறியில் ஒரே நேரத்தில் நெய்து, நடுவில் ஆயிரக்கணக்கான பாலியஸ்டர் இழைகளால் இணைக்கிறார்கள். வெல்வெட் நெய்யும்போது இப்படித்தான் இரண்டு துணிகளை எதிரெதிரே நெய்து, நடு இழைகளை வெட்டிப் பிரிப்பார்கள். இதில் வெட்டாமல் விட்டுவிடுகிறார்கள். காற்று நிரம்பும்போது துணி பந்தாக உப்ப முயல, இழைகள் இழுத்துப் பிடித்துத் தட்டையாக வைத்திருக்கின்றன. டிராப் ஸ்டிட்ச் என்று பெயர். 1956-ல் குட்இயர் நிறுவனம் காற்றடைத்துப் பறக்கும் விமானம் ஒன்றையே இந்த வகைத் துணியில் செய்துகாட்டியது. துணியின் மேல் பி.வி.சி. பூசி ஒட்டினால் பலகை தயார். ஓரங்களில் எத்தனை அடுக்கு, ஒட்டியது எப்படி என்று கேளுங்கள். விலைக்குறைவான பலகைகள் முதலில் விட்டுக்கொடுப்பது ஓரத்தில்தான்.

காற்றழுத்தம் பெரும்பாலும் 15 பி.எஸ்.ஐ. கார் டயரின் பாதி அழுத்தம்தான், ஆனால் நிரப்ப வேண்டிய இடம் அதிகம். கைப்பம்பில் கடைசிக் கொஞ்சம் தோள்பட்டையை வாட்டும். காரின் 12 வோல்ட் இணைப்பில் ஓடும் பம்ப் இருந்தால் நல்லது. 12 பி.எஸ்.ஐ.-யோடு நிறுத்திவிட்டால் பலகை நடுவில் தொய்ந்து, அலையில் தடுமாறும்.

கெட்டிப் பலகையின் உள்ளே இருப்பது நாம் தெர்மாகோல் என்று சொல்லும் பொருளின் உறுதியான வகை. அதன்மேல் கண்ணாடி இழைத் துணியும் எபாக்ஸி பிசினும். கரூரிலும் நாமக்கல்லிலும் பஸ், லாரி பாடி கட்டும் பட்டறைகளில் ஃபைபர் வேலை தெரிந்தவர்கள் நிறைய. பலகை அடிபட்டால் அவர்களிடம் கொடுக்கத் தோன்றும். கொடுங்கள், ஒரு நிபந்தனையோடு. பட்டறைகளில் வழக்கமாகப் பயன்படுத்தும் பாலியஸ்டர் பிசின் தெர்மாகோலைக் கரைத்துவிடும். எபாக்ஸி மட்டுமே என்று உறுதியாகச் சொல்லிவிடுங்கள்.

அலையில் கெட்டிப் பலகைதான் உயர்ந்தது, இதில் சந்தேகம் வேண்டாம். அதன் ஓரம் மெலிதாக, வடிவாகச் செதுக்கப்பட்டிருக்கும். அலையின் முகத்தைப் பிடித்துக்கொண்டு திரும்பும். காற்றடைத்த பலகையின் ஓரம் ஆறு அங்குலம் தடித்து மழுங்கியிருப்பதால் அந்தப் பிடிப்பு வராது. அலை எழும்பும்போது வேகமெடுக்கவும் கொஞ்சம் தாமதிக்கும். ஆனால் முழங்கால் உயர அலையில், நேராகக் கரையை நோக்கிச் சறுக்கக் கற்றுக்கொள்ளும் முதல் வருடத்துக்கு அது தாராளமாகப் போதும். மேலே விழுந்தாலும் அடி குறைவு.

கோவையில் இருப்பவருக்கு எடைபோட வேண்டிய விஷயம் வழி. 10 அடிப் பலகை என்றால் மூன்று மீட்டருக்கு மேல். சிறிய காரின் கூரையில் ரேக் பொருத்தி, முன்னும் பின்னும் இழுத்துக் கட்டி, ராத்திரி முழுவதும் நெடுஞ்சாலையில் போக வேண்டும். பஸ்ஸிலோ ரயிலிலோ கொண்டுபோவது நடைமுறையில் ஆகாது. அடுக்குமாடி லிஃப்டிலும் நுழையாது. காற்றடைத்த பலகை பம்போடு சேர்த்து முதுகுப்பை அளவுதான். வெயிலையும் கணக்கில் எடுங்கள். மூடிய காரில், மொட்டை மாடித் தகரத்தின் கீழ் வைத்த கெட்டிப் பலகையில் உள்ளிருக்கும் காற்று விரிந்து, மேல்தோல் உரிந்து எழும்பும். காற்றடைத்த பலகையை ஊதியபடி மதிய வெயிலில் போட்டால் அழுத்தம் ஏறி ஓரத்து ஒட்டு பிரியும். இரண்டுக்கும் நிழல் வேண்டும். கடலில் இருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் ஒரு குளியலும் வேண்டும்.

துடுப்பு, ஃபின், கயிறு

பலகைக்கு அள்ளிக்கொடுத்துவிட்டுத் துடுப்பில் மிச்சம் பிடிப்பது பலரும் செய்வது. ஒரு காலையில் துடுப்பை ஆயிரம் தடவைக்கு மேல் தூக்கி வைக்கிறீர்கள். எடையில் நூறு கிராம் கூடினாலும் தோள் கணக்கு வைத்துக்கொள்ளும். நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் வகைத் துடுப்பு முதலில் நல்லது. அமைதியான நீரில் உங்கள் உயரத்தைவிட 8, 10 அங்குலம் அதிகம் வையுங்கள்; அலையில் 4, 6 அங்குலம் போதும். துடுப்பின் இலை தண்டோடு லேசாக ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வு முன்னோக்கி இருக்கும்படி பிடிக்க வேண்டும். தன் பக்கம் திருப்பிப் பிடிப்பவர்களே புதியவர்களில் அதிகம்.

ஃபின் என்பது பலகையின் அடியில், வால்பக்கம் பொருத்தும் சிறகு. நடுவில் ஒரு பெரியது, இருபுறம் இரண்டு சிறியவை என்ற அமைப்பு முதல் பலகைக்கு ஏற்றது. காயலில் பெரிய நடு ஃபின் நேராக ஓட உதவும். அலைக்குப் போகும்போது அதைக் கழற்றிச் சிறியதைப் போட்டால் பலகை திரும்பும். அதனால் நடு ஃபின் கழற்றக்கூடியதா என்று பார்த்து வாங்குங்கள்.

கயிறு விஷயத்தில் உயிர் அடங்கியிருக்கிறது. கடலில், பலகையின் நீளத்துக்குச் சமமான நேர்க்கயிறு, கணுக்காலிலோ கெண்டைக்காலிலோ. பலகை உங்களை விட்டுப் போகாது, பின்னால் இருப்பவரையும் இடிக்காது. ஆற்றில் கணுக்கால் கயிறு கட்டவே கூடாது. பாறையிலோ வேரிலோ கயிறு சிக்கினால் ஓடும் நீர் உங்களைக் கீழே அழுத்திவிடும். குனிந்து அவிழ்க்க முடியாது. ஓடும் நீருக்கு, இடுப்பில் கட்டி ஒரே இழுப்பில் விடுபடும் கயிறு மட்டுமே.

அலையில் இறங்கியபின் ஒரு மரியாதையும் உண்டு. நின்றுகொண்டிருப்பதால் மற்றவர்களுக்கு முன்பே உங்களுக்கு அலை தெரியும். துடுப்பு இருப்பதால் முன்பே பிடித்தும் விடலாம். அதற்காக எல்லா அலையையும் எடுத்துக்கொள்ளக் கூடாது. உங்கள் பலகை பெரிது, கனமானது. தவறினால் அடிபடப்போவது பக்கத்தில் இருப்பவர். கூட்டத்திலிருந்து விலகி, சின்ன அலையில் பழகுங்கள். பலகை ஒருபோதும் உங்களுக்கும் அலைக்கும் நடுவில் இருக்கக் கூடாது. வருகிற அலை அதைத் தூக்கி உங்கள் மேலேயே போடும். வலை இழுக்கும் இடம், படகு இறங்கும் இடம் எது என்று குப்பத்து மீனவர்களிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். அது அவர்கள் பிழைக்கும் இடம்.

பழைய பலகை வாங்குகிறீர்களா?

பழையது வாங்குவதில் தவறில்லை. முதல் பலகைக்கு அது புத்திசாலித்தனம்கூட. கெட்டிப் பலகை என்றால் மேற்பரப்பு முழுவதும் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்கினால் தோல் உரிந்திருக்கிறது. எடை போடுங்கள், தயாரிப்பாளர் சொன்ன எடையைவிட ஒரு கிலோ கூடுதல் என்றால் உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கலாம். ஃபின் பொருத்தும் பெட்டியைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். காற்றடைத்த பலகை என்றால் முழு அழுத்தத்துக்கு ஊதி ஒருநாள் முழுவதும் நிழலில் வைக்கச் சொல்லுங்கள். சோப்பு நீரை ஓரங்களிலும் வால்விலும் தடவினால் கசிவு குமிழியிடும். இந்தச் சோதனைகளுக்குச் சம்மதிக்காதவரிடம் வாங்காதீர்கள்.

யாருக்கு எது?

ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை மட்டும் கடலுக்குப் போகிறவர் பலகை வாங்க வேண்டாம். சர்ஃப் பள்ளிகளில் வாடகைக்கு எடுக்கலாம். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு அளவில் நின்று பார்க்கலாம். நல்ல துடுப்பு ஒன்றை மட்டும் சொந்தமாக வாங்குங்கள். மூன்று துண்டாகப் பிரியும் துடுப்பு பஸ்ஸில் வரும், உங்கள் உயரத்துக்கும் கைக்கும் பழகும்.

மாதம் ஒருமுறையாவது தண்ணீருக்குப் போகிறவர், ஆனால் பஸ்ஸையும் ரயிலையும் நம்பியிருப்பவர் காற்றடைத்த பலகையை எடுக்கலாம். 10 அடிக்குக் குறையாமல், 32 அங்குல அகலம், 5 அல்லது 6 அங்குலத் தடிப்பு, கழற்றும் நடு ஃபின். சாலியாற்றுக்கும் முட்டுக்காட்டுக்கும் ஜனவரி மாதக் கோவளத்துச் சிற்றலைக்கும் இந்த ஒரே பலகை ஈடுகொடுக்கும்.

காரும் ரேக்கும் நிழலான இடமும் உள்ளவர், அலையே குறி என்று இருப்பவர் கெட்டிப் பலகைக்குப் போகலாம். 10 அடி, 31 அல்லது 32 அங்குலம், எடைக்கு இரு மடங்கு லிட்டர், எழுந்த மூக்கு. மேலே மென்மையான நுரைத்தோல் ஒட்டிய வகை கிடைத்தால் முதல் வருடத்துக்கு இன்னும் நல்லது. இரண்டு வருடம் கழித்துச் சின்னப் பலகைக்கு மாறும்போது இதை வீட்டில் வேறொருவர் எடுத்துக்கொள்வார். பெரிய பலகை எப்போதும் வீணாவதில்லை.

இவ்வளவையும் தனிமனிதர்கள் செய்துகொள்ளலாம். ஒன்றை மட்டும் ஊர்தான் செய்ய வேண்டும். 2024 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்ட அத்திக்கடவு–அவிநாசித் திட்டம், கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளுக்குப் பவானி நீரைக் கொண்டுவருகிறது. பல பத்தாண்டுகள் போராடிப் பெற்ற தண்ணீர் அது. முதல் உரிமை நிலத்தடி நீருக்கும் வேளாண்மைக்கும் கால்நடைக்கும்தான்; அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் மாவட்டத்துக்கு ஒரு குளத்தையாவது கழிவு கலக்காமல் காத்து, காலை ஆறிலிருந்து எட்டு மணி வரை உயிர்காப்பாளர் ஒருவரை நிறுத்தி, பிள்ளைகள் நீந்தவும் துடுப்பிடவும் திறந்துவிட்டால் தண்ணீர் குறைந்துவிடாது. கிணறுகளோடு சேர்த்து நாம் இழந்த நீச்சல் திரும்பும். பவானியில் போகும் உயிர்களும் குறையும். பலகைகள் அதன்பின் தாமாக வரும்.

அப்படி ஒரு குளம் நம் ஊருக்கு வரும்வரை, முதல் பலகை வாங்க நினைப்பவர் செலவழிக்க வேண்டிய முதல் ரூபாய் நீச்சல் வகுப்புக்கு. இரண்டாவது, தண்ணீரை அறிந்த ஓர் ஆசிரியருக்கு. மூன்றாவது துடுப்புக்கு. நான்காவதுதான் பலகைக்கு.